பழைய பெட்ரோல் ஜீப், பிக்கப்பில் வேக்குவமும் டைமிங்கும்: பெங்களூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது எந்த வண்டிகளுக்கு?

மஹிந்திரா சிஜே-3பி ஜீப், எஃப்.சி.-150 பிக்கப், இரண்டிலும் வந்த நான்கு சிலிண்டர் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினை மனதில் வைத்து எழுதியது. இன்லெட் வால்வு மேலே ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும் அந்த உயரமான இன்ஜின்தான். அதற்கு இடம் விடத்தான் 3பி-யின் பானெட் அவ்வளவு தூக்கலாக இருக்கிறது. பழைய ஃபார்கோ, டாட்ஜ் பெட்ரோல் லாரியை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். ஆனால் அவை ஆறு சிலிண்டர். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசை) 1-5-3-6-2-4, மற்ற அளவுகளும் வேறு.

என் பிக்கப்பில் டீசல் இன்ஜின் மாற்றியிருக்கிறார்கள். எனக்குப் பயன்படுமா?

படாது. டீசலில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் டெல்கோவும் (டிஸ்ட்ரிபியூட்டர்) இல்லை. பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் காற்றை அடைக்கும் த்ராட்டில் தகடும் கிடையாது, அதனால் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டருக்குக் காற்று போகும் பாதையில், வேக்குவமே (உறிஞ்சும் இழுப்பு) உருவாகாது. இனி வருவதெல்லாம் பெட்ரோலுக்கு மட்டும்.

வேக்குவம் கேஜ் போட்டுப் பார்த்தேன். ஸ்லோவில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 15 இஞ்ச் காட்டுகிறது. மேனுவலில் 18-லிருந்து 21 என்று இருக்கிறதே, எங்கோ காற்று இழுக்கிறதா?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் முதலில் வருகிறது. பதில்: முள் ஆடாமல் நின்றால் உங்கள் இன்ஜின் நன்றாகவே இருக்கிறது.

மேனுவலில் இருக்கும் எண் கடல்மட்டத்தில் எடுத்தது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 30 இஞ்ச். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர், அதாவது 3000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே வெளிக்காற்றே 27 இஞ்ச் சுமாருக்குத்தான். ஆயிரம் அடி ஏறினால் ஒரு இஞ்ச் குறையும் என்பது பழைய கணக்கு, இன்றும் அது சரிதான். ஆக மேனுவலில் இருக்கும் எண்ணில் மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் 15 முதல் 18 வரை நல்ல ரீடிங். நன்றாக ஓடித் தேய்ந்த இன்ஜின் 14-ல் நின்றாலும் நான் கவலைப்பட மாட்டேன். நந்தி மலை உச்சிக்கு ஏற்றினால் இன்னும் இரண்டு இஞ்ச் போய்விடும். ஊட்டியில் அதே இன்ஜின் 11, 12 காட்டும்.

இதைச் சொல்லாததால் நடக்கும் கூத்து கொஞ்சமல்ல. 15-ஐப் பார்த்துவிட்டு லீக் தேடுவார்கள், கிடைக்காது. கார்புரேட்டர் பேக்கிங் மாற்றுவார்கள், எண் மாறாது. கடைசியில் டெல்கோவைத் திருகித் திருகி 18-க்குக் கொண்டுவந்து "சரியாகிவிட்டது" என்பார்கள். அடுத்த மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் கிண்கிண் என்று தட்டும்.

அப்படியானால் கேஜில் எதைத்தான் பார்ப்பது?

எண்ணைவிட முள்ளின் நடத்தையைப் பாருங்கள். இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, சோக் முழுக்க உள்ளே தள்ளி, ஸ்லோ 600 சுற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் எடுத்த ரீடிங்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

முள் அசையாமல், ஆனால் இருக்க வேண்டியதைவிட இரண்டு மூன்று இஞ்ச் கீழே நின்றால் டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், பின்தங்கியிருக்கிறது. இதைத்தான் ரிடார்ட் என்பார்கள். நான் பார்த்தவரை பழைய ஜீப்களில் மிக அதிகம் இருப்பது இந்தக் கோளாறுதான். அசையாமல், ஆனால் 8, 9 என்று படுத்துக் கிடந்தால் எங்கோ பெரிய அளவில் காற்று இழுக்கிறது.

ஒரே இடைவெளியில், தாளம் தப்பாமல், முள் இரண்டு மூன்று இஞ்ச் கீழே வெட்டி வெட்டி மேலே வந்தால் ஒரு சிலிண்டர் சரியில்லை. பிளக்காக இருக்கலாம், எரிந்த வால்வாக இருக்கலாம். பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எந்த சிலிண்டர் என்று தெரிந்துவிடும்: எதைக் கழற்றினாலும் இன்ஜின் தள்ளாட வேண்டும், எதைக் கழற்றியும் மாற்றம் இல்லையோ அதுதான் ஆள். ஒயரைக் கழற்றும்போது இன்சுலேட்டட் ப்ளையரால் பிடியுங்கள், கழற்றிய முனையை எர்த்தில் தொட வையுங்கள். தாளம் இல்லாமல் எப்போதாவது ஒரு வெட்டு வெட்டினால் வால்வு ஒட்டி ஒட்டி விடுகிறது.

ஸ்லோவில் நடுங்கி, ரேஸ் கொடுத்ததும் நடுக்கம் நின்றால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. ரேஸ் கொடுக்கக் கொடுக்க நடுக்கம் கூடினால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. நான்கைந்து இஞ்ச் அகலத்துக்கு மெதுவாக, சோம்பலாக மேலும் கீழும் போய் வந்தால் கார்புரேட்டர் கலவை. பத்து இஞ்ச் அளவுக்குச் சடாரென்று விழுந்து எழுந்தால் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களுக்கு நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. உடனே ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள்.

ஆக்ஸிலரேட்டரைப் பட்டென்று மிதித்து விட்டால் முள் எப்படிப் போக வேண்டும்?

மிதித்த கணம் முள் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழ வேண்டும். விட்டதும் ஸ்லோ ரீடிங்கையும் தாண்டி மேலே துள்ளி, பிறகு தன் இடத்துக்கு வர வேண்டும். கடல்மட்டத்தில் இந்தத் துள்ளல் 24, 25 வரை போகும், இங்கே 21, 22 வந்தால் போதும். துள்ளலே இல்லாமல் சப்பென்று பழைய இடத்துக்கு மட்டும் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் கேஜ் போட்டு உறுதி செய்யுங்கள். அதற்குள் சிலிண்டரைக் கடைந்து போர் பண்ண வேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கேஜ் எங்கே வாங்குவது, எங்கே மாட்டுவது?

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும். ஒரே ஒரு தடவை பார்க்கத்தான் வேண்டும் என்றால் காசு செலவழிக்க வேண்டாம். தெரிந்த ஏ.சி. மெக்கானிக் யாராவது இருப்பார். அவர் கேஸ் நிரப்பப் பயன்படுத்தும் நீலக் கேஜில் பூஜ்யத்துக்குக் கீழே 30 இஞ்ச் வரை வேக்குவம் அளவு இருக்கும். கோடுகள் நெருக்கமாக இருக்கும், முள்ளின் சின்ன நடுக்கம் சரியாகத் தெரியாது. ஆனால் 15-ஆ 9-ஆ என்ற கேள்விக்கு அது தாராளமாகப் பதில் சொல்லும்.

மாட்ட வேண்டிய இடம் கார்புரேட்டருக்குக் கீழே, மேனிஃபோல்டு பக்கம். ஹரிக்கேன் இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டு தனியாக இல்லை, ஹெட்டோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். வேக்குவம் வைப்பர் உள்ள வண்டியில் அந்த வைப்பர் குழாயைக் கழற்றி அங்கே கேஜை மாட்டினால் போதும். டெல்கோவுக்குப் போகும் சின்னக் குழாயில் மாட்டாதீர்கள். அது பெரும்பாலும் த்ராட்டில் தகட்டுக்கு மேலே திறப்பது, ஸ்லோவில் அங்கே ஒன்றும் காட்டாது. அதைப் பார்த்து பயந்துபோய் வண்டியை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

காற்று இழுப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹரிக்கேனில் மேனிஃபோல்டு ஹெட்டோடு இருப்பதால் மற்ற இன்ஜின்களில் வழக்கமாகப் போகும் மேனிஃபோல்டு பேக்கிங் இதில் இல்லை. சந்தேகப்பட வேண்டிய இடங்கள் குறைவு: கார்புரேட்டர் அடி பேக்கிங், த்ராட்டில் ஷாஃப்ட்டின் இரண்டு முனைகள், வைப்பர் குழாய், கிராங்க்கேஸ் வென்டிலேஷன் வால்வு, சில வண்டிகளில் இரட்டை வேலை பார்க்கும் பெட்ரோல் பம்பு. அந்த பம்பில் பெட்ரோலுக்கு ஒரு டயஃப்ரம், வைப்பருக்கு வேக்குவம் கொடுக்க இன்னொன்று. இரண்டாவது கிழிந்தால் காற்றோடு ஆயில் ஆவியும் மேனிஃபோல்டுக்குள் போகும். வெண்நீலப் புகையைப் பார்த்துவிட்டு ரிங் போச்சு என்பார்கள்.

முதலில் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத்து வாயை விரலால் அடைத்துப் பாருங்கள். எதை அடைக்கும்போது முள் ஏறுகிறதோ அந்தக் குழாயில் கோளாறு. பிரேக் பூஸ்டர் பின்னால் சேர்த்திருந்தால் அந்த ஹோஸையும் விடாதீர்கள். பிரேக் மிதித்தால் ஸ்லோ மாறுகிறது என்றால் பூஸ்டர் டயஃப்ரம்தான்.

அடுத்தது த்ராட்டில் ஷாஃப்ட். கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினாலே ஆட்டம் தெரியும். ஆனால் ஆட்டம் இருப்பதும் அது தொந்தரவு செய்வதும் வேறு வேறு. பிரஷ்ஷில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் தொட்டு, ஷாஃப்ட் நுழையும் இடத்தில் தடவுங்கள். ஒரு எஃப்.சி. பிக்கப்பில் இதைச் செய்தபோது முள் 12-ல் நின்றுகொண்டிருந்தது. ஆயில் பட்ட இடத்தில் குமிழ் மாதிரி ஒரு உறிஞ்சல், உள்ளே இழுத்துக்கொண்டது. முள் மெல்ல ஏறி 15-ஐத் தொட்டது. ஸ்லோ தானாகவே கூடியது. ஆயில் முழுக்க உள்ளே போனதும் மறுபடி 12. புஷ் அடித்த பிறகு அந்த 15 நிலைத்துவிட்டது. டெல்கோவைத் தொடவே தேவைப்படவில்லை.

பெட்ரோலைப் பீய்ச்சிப் பார்க்கும் பழக்கம் நம் ஷெட்களில் இன்னும் இருக்கிறது. செய்யாதீர்கள், செய்ய விடவும் வேண்டாம். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஸ்பிரே அல்லது ஆயில் போதும்.

டைமிங் பார்க்கும் முன்பு என்னென்ன சரியாக இருக்க வேண்டும்?

பாயிண்ட் (டெல்கோவுக்குள் திறந்து மூடும் தொடர்பு முனைகள்) இடைவெளி. இதைத் தவிர்த்துவிட்டு டைமிங் வைப்பது வீண். பாயிண்ட் எப்போது திறக்கிறதோ அப்போதுதான் ஸ்பார்க். இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் போகும். குறைத்தால் பின்னால் வரும். கேம் மேல் உரசும் அந்தச் சின்ன ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே போகும். யாரும் தொடாமலே டைமிங் ரிடார்ட் ஆவது இப்படித்தான். "போன வருஷம் வைத்த டைமிங், யாரும் கை வைக்கவில்லை" என்பவர்களுக்கு இதுதான் பதில். ஃபைபர் மேல் துளி கிரீஸ் வைத்தால் தேய்மானம் குறையும்.

எவ்வளவு இடைவெளி என்பதில் ஒரு சிக்கல். அமெரிக்க வழி ஆட்டோலைட் டெல்கோவுக்கு 20 தவ் (ஒரு தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது அரை மில்லிமீட்டர். லூகாஸ் டெல்கோ என்றால் 14 முதல் 16 தவ் வரைதான், ஏறத்தாழ 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இத்தனை வருஷத்தில் யார் எதைக் கழற்றி எதை மாட்டினார்கள் என்று சொல்ல முடியாது. மூடியைத் திறந்து, உடம்பில் இருக்கும் தகட்டைத் துடைத்து, எது என்று பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். பிளக் இடைவெளி 30 தவ், அதாவது 0.75 மில்லிமீட்டர்.

பிறகு ஷாஃப்ட் ஆட்டம். மூடிக்கு உள்ளே சுற்றும் ரோட்டரைக் கழற்றிவிட்டு கேமைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பாயிண்ட் திறந்து மூடுகிற அளவுக்கு ஆட்டம் இருந்தால் புஷ் போய்விட்டது. நான்கு சிலிண்டருக்கும் நான்கு டைமிங் கிடைக்கும், எதை வைத்தாலும் நிற்காது.

டேப்பட் இடைவெளியும் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ளது) பார்த்துவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினில் இன்லெட் 18 தவ், எக்ஸாஸ்ட் 16 தவ். ஈயம் சேர்த்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுக்க நின்றுவிட்டது. பழைய மென்மையான எக்ஸாஸ்ட் சீட் உள்ள இன்ஜினாக இருந்தால் சீட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி தானாகவே குறையும். ஒரு கட்டத்தில் வால்வு மூடவே மூடாது, எரிந்துவிடும். கேஜில் தாளமாக வெட்டுவது பல சமயம் இதனால்தான்.

டைமிங் லைட் இல்லை. வீட்டிலேயே வைக்க முடியுமா?

தாராளமாக. ஒரு 12 வோல்ட் பல்பும் இரண்டு ஒயரும் போதும். இன்னும் 6 வோல்டில் ஓடும் வண்டி என்றால் 6 வோல்ட் பல்பு.

ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். அதன் பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, இன்னொருவரை ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். வண்டி நியூட்ரலில், இக்னிஷன் ஆஃப். விரலைக் காற்று தள்ளும்போது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் வந்துவிட்டது. இனி மெதுவாக, முன் புல்லியில் உள்ள குறி 5 டிகிரி பிஃபோர் (பிஸ்டன் உச்சிக்கு வர 5 டிகிரி முன்பு) கோட்டுக்கு நேராக வரும்வரை சுற்ற வேண்டும். பழைய இன்ஜினில் குறி ஃபிளைவீலில் இருக்கும், கிளட்ச் ஹவுசிங்கில் உள்ள சின்ன ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும். துரு மூடியிருந்தால் துடைத்து, சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். குறியைத் தாண்டிவிட்டால் பின்னால் சுற்றி நேராக்கிவிட்டு அப்படியே விடாதீர்கள். கியர் இடைவெளி ஏமாற்றும். கால் சுற்று பின்னால் போய், மறுபடி முன்னோக்கியே வாருங்கள்.

இப்போது ரோட்டர், மூடியில் முதல் பிளக் ஒயர் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். பல்பின் ஒரு ஒயரை காயிலில் இருந்து டெல்கோவுக்கு வரும் முனையிலும் மற்றதை எர்த்திலும் கொடுங்கள். இக்னிஷனைப் போடுங்கள். டெல்கோ கிளாம்பைத் தளர்த்தி, உடம்பை ரோட்டர் சுற்றும் திசையில் கொஞ்சம் திருப்பினால் பாயிண்ட் மூடி பல்பு அணையும். பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு எரிந்த அந்தக் கணம் பாயிண்ட் திறந்தது. அங்கேயே இறுக்குங்கள். இறுக்கும்போது நகர்ந்துவிடும், எனவே ஹேண்டிலை இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி சரிபாருங்கள். முடிந்ததும் இக்னிஷனை அணைக்க மறக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் சூடாகிப் போகும்.

ரோட்டர் சுற்றும் திசையில் உடம்பைத் திருப்பினால் ரிடார்ட், எதிர்த்திசையில் திருப்பினால் அட்வான்ஸ், அதாவது ஸ்பார்க் முன்னால் வரும். எந்த டெல்கோவுக்கும் இது பொருந்தும். ஹரிக்கேனில் மேலிருந்து பார்த்தால் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

எல்லாம் சரியாக வைத்தும் ஸ்டார்ட்டே ஆகவில்லை, கார்புரேட்டர் வழியாக டப் டப் என்று வெடிக்கிறது.

டெல்கோவைக் கழற்றி மாட்டினீர்களா? ஒயர்கள் அரைச் சுற்று மாறிப் போயிருக்கும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கை கம்ப்ரஷன் என்று நினைத்து வைத்திருப்பீர்கள். கட்டைவிரல் சோதனையைச் சோம்பேறித்தனத்தில் விட்டவர்களுக்கு இது நடக்கும். 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றிப் பாருங்கள்.

கேஜில் அதிகபட்சம் வரும்வரை டெல்கோவைத் திருப்பி வைத்தால் அதுதானே சரியான டைமிங்? எங்கள் மெக்கானிக் அண்ணன் அப்படித்தான் வைக்கிறார்.

பாதி சரி. அண்ணனுக்குக் காது நன்றாக இருப்பதால் தப்பிக்கிறார்.

ஸ்லோவில் சிலிண்டருக்குள் போகும் கலவை மிகக் குறைவு, மெதுவாக எரிகிறது. அதனால் ஸ்பார்க்கை எவ்வளவு முன்னால் கொடுத்தாலும் இன்ஜினுக்கு அந்த நிலையில் சந்தோஷம்தான், முள் ஏறிக்கொண்டே போகும். ஆனால் லோடு ஏற்றி, த்ராட்டில் முழுக்கத் திறந்து, மூன்றாம் கியரில் ஒரு மேடு ஏறும்போது சிலிண்டர் நிறையக் கலவை இருக்கும். வேகமாக எரியும். அப்போது அதே அட்வான்ஸ் பிஸ்டன் மேலே வருமுன்பே அழுத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய் பிஸ்டனையே அடிக்கும். அந்தக் கிண்கிண் சத்தம் அதுதான். கேஜ் இன்ஜினின் ஒரு நிலையை மட்டும் பார்க்கிறது, ரோட்டைப் பார்ப்பதில்லை.

கேஜை வைத்து வைப்பதாக இருந்தால் அதிகபட்சத்தைக் கண்டுபிடித்துவிட்டு, முள் ஒரு இஞ்ச் கீழே வரும்வரை ரிடார்ட் பக்கம் திருப்பி இறுக்குங்கள். இதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். முழு த்ராட்டிலில் லேசாகத் தட்டினால் இன்னும் ஒரு டிகிரி பின்னால். தட்டவே இல்லை, ஆனால் பிக்அப் மந்தம் என்றால் ஒரு டிகிரி முன்னால். குறிகள் தெளிவாக இருக்கும் வண்டியில் நான் பல்பு வைத்து 5 டிகிரியில்தான் ஆரம்பிப்பேன். குறியே தெரியாத, புல்லி வேறு வண்டியிலிருந்து வந்த கேஸில் மட்டும் கேஜ்.

பெங்களூரில் பட்டுப்போல ஓடுகிறது. சென்னைக்கு எடுத்துப்போனால் கிருஷ்ணகிரி இறங்கி ஆம்பூர் பக்கம் வந்ததும் தட்ட ஆரம்பிக்கிறது. ஏன்?

காற்று கனமாகிறது. இங்கே மெலிந்த காற்று, ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சிலிண்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகவே நிரம்புகிறது. நிரம்பும் அளவு குறைந்தால் அழுத்தமும் குறையும், நாக்கிங், அதாவது அந்தத் தட்டல், தள்ளிப்போகும். அதனால் பெங்களூரில் இரண்டு மூன்று டிகிரி கூடுதல் அட்வான்ஸ் வைத்தாலும் இன்ஜின் காட்டிக்கொடுக்காது, பிக்அப் கூட நன்றாக இருப்பதுபோல் தெரியும். சமவெளிக்கு இறங்கினால், வெயிலும் சேர்ந்து, அது அம்பலமாகிவிடும். ஊர் எல்லையைத் தாண்டாத வண்டி என்றால் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி கீழே போகிறவர் மேனுவலில் உள்ள 5 டிகிரியிலேயே நிற்பது நல்லது. போகும் வழியில் தட்டினால் வேலூர் வரை ஓட்டித் தாக்குப் பிடிக்கலாம் என்று நினைக்காமல், ஓரம் கட்டி, டெல்கோவை ரோட்டர் சுற்றும் திசையில் ஒரு மயிரிழை திருப்பிவிட்டுப் போங்கள்.

சில்க் போர்டு சிக்னலில் நின்றால் சூடாகிறது. ரேடியேட்டர் ராடு அடித்தாயிற்று, தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று.

டைமிங்கைப் பாருங்கள். ரிடார்ட் ஆன இன்ஜினில் கலவை தாமதமாக எரிகிறது. சக்தியாக மாற வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியே போகிறது. ஹரிக்கேனில் எக்ஸாஸ்ட் வால்வும் அதன் பாதையும் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் அந்தச் சூடு நேராகத் தண்ணீருக்கு வரும். கேஜில் நிலையான குறைந்த ரீடிங், மந்தமான பிக்அப், சைலன்ஸரில் பொத் பொத் என்ற சத்தம், சிக்னலில் சூடு: நான்கும் சேர்ந்து வந்தால் நீங்கள் ரேடியேட்டருக்குச் செலவழித்தது தண்டம்.

டெல்கோவின் பக்கத்தில் தட்டையான டப்பா ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு குழாய் போகிறது. என் நண்பர் வண்டியில் அது இல்லையே?

அது வேக்குவம் அட்வான்ஸ். ஹரிக்கேனோடு வந்த ஆட்டோலைட் டெல்கோக்களில் அது கிடையாது, உள்ளே சுழலும் எடைகள் மட்டும் அட்வான்ஸ் கொடுக்கும். உங்கள் வண்டியில் இருந்தால் வேறு டெல்கோ மாட்டியிருக்கிறார்கள். தவறில்லை, லோடு இல்லாமல் சீராக ஓடும்போது பெட்ரோல் மிச்சப்படும். சோதிக்க, குழாயின் கார்புரேட்டர் முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். உள்ளே பாயிண்ட் தட்டு நகர வேண்டும், நாக்கை எடுக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். காற்று தாராளமாக வந்துகொண்டே இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. டைமிங் லைட்டில் பார்க்கும்போது இந்தக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சுழலும் எடைகளைச் சோதிப்பது இன்னும் சுலபம். ரோட்டரை அது சுற்றும் திசையில் விரலால் திருகி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துச் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் அல்லது நின்றுவிட்டால் அடியில் கிரீஸ் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. ஸ்லோவில் எல்லாம் சரி, 40 கிலோமீட்டருக்கு மேல் வண்டி மூச்சு வாங்குகிறது என்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

2500 சுற்றில் பிடித்து வைத்தால் முள் முதலில் நன்றாக இருந்து, பிறகு மெல்ல மெல்ல இறங்குகிறது.

சைலன்ஸர் அடைப்பு. உள்ளே தகடு பெயர்ந்திருக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டெயில் பைப்பில் குளவி மண் கூடு கட்டியிருக்கும், பெருச்சாளி எதையாவது இழுத்து வைத்திருக்கும். பைப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டு.

ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் வந்த பிறகு மிஸ்ஸிங் அதிகம். டைமிங் மாற்ற வேண்டுமா?

டைமிங்கை மாற்ற வேண்டியதில்லை. எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கத்தான் செய்யும். மாறுவது கலவை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்று குறைவாகப் போதும், ஆனால் கார்புரேட்டர் பழைய கணக்கிலேயே ஊற்றும். ஆகவே கலவை கொஞ்சம் வறண்டுபோகும். நல்ல வேளையாக நம் ஊரின் மெலிந்த காற்று எதிர்த்திசையில் வேலை செய்கிறது: பழைய ஜெட் இங்கே எப்போதும் சற்றுக் கொழுப்பாகத்தான் ஊற்றியது. இரண்டும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். சமவெளியில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

உண்மையான தொல்லை ரப்பர். பழைய ஹோஸ், பம்பு டயஃப்ரம் எல்லாம் ஊறி, உப்பி, வெடிக்கும். பெட்ரோல் கசிவு மட்டுமல்ல, காற்றும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். வண்டி நிற்கும் நாட்களில் டேங்கில் தண்ணீர் சேரும், அதையும் வடித்துப் பாருங்கள்.

எமிஷன் டெஸ்டில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நேராக மிக்ஸர் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். பாயிண்ட், டைமிங், லீக், டேப்பட் எல்லாம் முடிந்த பிறகுதான் கார்புரேட்டர். கேஜை மாட்டி, ஸ்க்ரூவை மெதுவாகத் திருகி, முள் அதிகபட்சத்தில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து முள் சிறிது அசையும்வரை மட்டும் வறட்சிப் பக்கம் திருப்புங்கள். ஏர் ஃபில்டரும் சோக் தகடும் முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பாதி வண்டிகள் பாதி மூடிய சோக்கோடுதான் டெஸ்டுக்குப் போகின்றன.

பாயிண்டே வேண்டாம், எலக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றிவிடலாமா?

மாற்றலாம், தேய்மானப் பிரச்சினை தீரும். டெல்கோ புஷ் ஆட்டத்தையும் ஒட்டிப்போன எடைகளையும் அது சரிசெய்யாது, முதலில் அவற்றைப் பாருங்கள். தேய்ந்த டெல்கோவில் புது மாட்யூல் மாட்டிவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. பழைய பாயிண்டையும் ஒரு நல்ல கண்டென்சரையும் டாஷ்போர்டு பெட்டியில் போட்டுவையுங்கள். மாட்யூல் முன்னறிவிப்பில்லாமல் சாகும், ஓசூர் ரோட்டில் நடுராத்திரி அது கிடைக்காது.

கண்டென்சர் வாங்கும்போது மட்டும் மலிவானதைத் தேடாதீர்கள். பாயிண்ட் முகம் சீக்கிரமே குழிவிழுந்து ஒரு பக்கம் மேடு தட்டினால் கண்டென்சர் அளவு பொருந்தவில்லை. பாயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேஜை டாஷ்போர்டில் நிரந்தரமாக வைக்கலாமா?

வைக்கலாம். குழாய் கனமானதாக, நெகிழாததாக இருக்கட்டும். அது கழன்றால் அதுவே ஒரு லீக். வண்டி நன்றாக ஓடும் நாளில், சூடான இன்ஜினில், ஸ்லோ ரீடிங்கை ஒரு ஸ்டிக்கரில் தேதியோடு எழுதி கேஜ் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஷெட்டுக்குப் போகும்போது "பிக்அப் இல்லை" என்று மட்டும் சொல்லாமல் "16-ல் நின்றது, இப்போது 13, முள் ஆடவில்லை" என்று சொல்லுங்கள். மெக்கானிக் நேராகப் பாயிண்ட் மூடியைத் திறப்பார்.